எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கொக்கி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் இருமல் விட்டதா என்று எழுது.

தையற்கடைக்குப் புதுப் பலகை மாட்டினோம் அல்லவா, அதனால் வந்த வினையைக் கேள். 'சிஸ்டர்ஸ் டெய்லரிங்' என்று இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தேன், பலகைக்காரர் சிஸ்டருக்கும் கடைசி எஸ்ஸுக்கும் நடுவே, மேலே கமா மாதிரி ஒரு கொக்கியைப் போட்டுவிட்டார். அழகுக்குப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தன் கோட்டு தொளதொளவென்று இருக்கிறது என்று பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்த இங்கிலீஷ் டீச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டு, கொக்கி அங்கே இருந்தால் கடை ஒரே சகோதரிக்குத்தான் சொந்தம், இரண்டு பேருக்கும் என்றால் அது எஸ்ஸுக்குப் பின்னால் வரவேண்டும், உங்களில் யார் முதலாளி என்று சிரித்தபடி கேட்டார். நானும் சிரித்தேன். உன் சித்தி சிரிக்கவில்லை. டீச்சர் போனதும், "அப்ப நான் இங்க சம்பளத்துக்கு இருக்கேனாக்கா?" என்றாள். எனக்குத் தெரியாதடி என்றால் நம்பவில்லை. கடை வாடகைப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான், வருகிறவர்களும் அக்கா இல்லையா என்றுதான் கேட்கிறார்கள், எல்லாம் அவள் மனதில் கிடந்திருக்கிறது. மிஷினுக்கு உறையைப் போட்டுவிட்டுப் போனவள் மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பொத்தானுக்குக் காஜா எடுக்க அவள் கை இல்லாமல் திண்டாடிப் போனேன், அவள் முணுமுணுப்பு இல்லாமல் கடையில் உட்காரவே முடியவில்லை.

பலகைக்காரரிடம் போனேன். "வாசிச்சா ரெண்டும் ஒரே சத்தம்தானேம்மா, யாரு கவனிக்கப் போறாங்க?" என்றார். கவனிக்க வேண்டியவள் கவனித்துவிட்டாள் என்றேன். முனகிக்கொண்டே ஏணி போட்டுக் கொக்கியைப் பிய்த்து எஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டினார். ஆனால் கொக்கியை நகர்த்தினால் மட்டும் போதுமா என்று எனக்கே தோன்றியது. அவள் வீட்டுக்குப் போய், பத்திரத்தில் உன் பெயரையும் சேர்க்கணும், கையெழுத்துப் போட வா என்றேன். எழுந்து செருப்பை மாட்டினாள். கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்தவள் கோணலாக ஒட்டியிருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷின் உறையைக் கழற்றினாள்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். 'இட்ஸ்' என்ற சொல்லில் மட்டும் எல்லாம் தலைகீழாம், அதனுடையது என்றால் கொக்கி கிடையாதாம், அது இப்படி இருக்கிறது என்று சொல்லும்போதுதான் வருமாம். ஏன் என்றேன், அது அப்படித்தான் என்றுவிட்டார். ஆபீசுக்கு எழுதும்போது பார்த்துப் போடு.

வேளைக்குச் சாப்பிடு, மனம் குளிர்ந்து நன்றாக இரு. சித்திக்கு இனிமேல் தனியாகக் கடிதம் எழுது, அவளையும் கேட்டதாகச் சொல் என்று என் கடிதத்தின் ஓரத்தில் முடித்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா