பாரோவுக்கும் காட்ஸபூவுக்கும் நடுவே

ஃப்ரீமான்ட்,
9.2.1986

அன்பு மகன் ஜம்புநாதனுக்கு அம்மா எழுதுவது. நெல்லையப்பர் அருளால் இங்கு நாங்கள் ஒருவாறு இருக்கிறோம். வட துருவத்தை ஒட்டிய பாரோவின் பனியில் நீ உடல்நலத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு வலப்பக்கம் இன்னும் அசைவு வரவில்லை. கஞ்சியை நான் ஊட்டினால்தான் உள்ளே இறங்குகிறது. அரை நாள்கூட அவரை விட்டு நகர இயலாது. தங்கையிடம் நீங்களே போகலாமே என்று நீ கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன். தொலைபேசியில் உன் தங்கையின் பெயரை எடுத்த மாத்திரத்தில் வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது முழுதும் படிப்பாய் என்று எண்ணுகிறேன்.

விசாலாக்ஷிக்கு இது எட்டாம் மாதம். நம் எவர் சொல்லையும் கேளாமல் அவள் மணந்துகொண்ட மனிதர், சென்ற மாதம் அவளைக் காட்ஸபூவில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, குழந்தையை முன்கூட்டியே எடுக்க நேரலாம், நேர்ந்தால் விமானத்தில் ஆங்கரேஜ் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். நேற்றுப் பேசியபோது, நான் மேனேஜ் பண்ணிக்கிடுவேம்மா, நீ அப்பாவைப் பாரு, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராத என்றாள். வைக்கப்போகும் சமயத்தில், திடீர்னு புள்ள அசையலைன்னா இங்க நான் யாரைம்மா கூப்பிடுவேன் என்று கேட்டாள். அதனால்தான் அவள் சொன்னதை மீறி உனக்கு எழுதுகிறேன், ஐயா.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளாயினும் தேசப்படம் பார்க்க நானே கற்றுக்கொண்டவள். நூலகச் சுவர்ப்படத்தில் உன் ஊருக்கும் அவள் ஊருக்கும் நூல் பிடித்து அளந்தேன். இங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் தூரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் வந்தது. அங்கிருந்த பெண்மணி, வடக்கே போகப் போக இந்தப் படம் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் என்று விளக்கி, பூகோள உருண்டையில் அளக்கச் சொன்னாள். ஏறக்குறைய முந்நூற்று முப்பது மைல்தான். சிநேகிதன் கல்யாணத்துக்கென்று லாஸ் ஏஞ்சலஸுக்கு நீ ஒரே மூச்சில் கார் ஓட்டிப்போன அதே தூரம். மௌரி அவென்யூவில் பயணச்சீட்டு போட்டுக்கொடுக்கும் ஜலஜாவிடமும் விசாரித்தேன். டைரக்ட் ஃப்ளைட்டே கிடையாது ஆன்ட்டி, ஃபேர்பேங்க்ஸ், ஆங்கரேஜ்னு சுத்தித்தான் போகணும், ஒரு நாள் ஃபுல்லா போயிடும் என்றாள். சிறிய விமானத்தை வாடகைக்கு அமர்த்தினால் இரண்டரை மணி நேரமாம். அதுவும் வானம் தெளிந்திருந்தால். பனிப்புயல் மூடினால் எதுவும் பறக்காது. ஆகவே வலி கண்ட செய்தி வந்தபின் புறப்படலாம் என்று இருந்துவிடாதே.

அவளை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. கோபத்தோடேயே போ. வாசலில் நின்று நாலு வார்த்தை திட்டு; அவள் கேட்டுக்கொள்வாள். ஆனால் போ.

தனியே ஒரு பார்சல் வரும். நீங்கள் பிறந்தபோது உங்கள் இருவருக்கும் சேனை வைத்த வெள்ளிப் பாலாடைச் சங்கு அதில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் நாவில் முதல் சர்க்கரைத் தண்ணீரைத் தாய்மாமன் வைப்பது நம் குடும்ப வழக்கம்; ஆகவே அவள் முகவரிக்கு அனுப்பாமல் உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இருவரும் குறைவின்றி நீடூழி வாழ வேண்டும். புறப்படும்போது கம்பளிக் காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். போவதற்கு மனம் வராவிட்டால் பாலாடையை எனக்கே திருப்பிவிடு. தபாலில் அவளுக்கு அனுப்பிவிடாதே. அது தனியாக வந்து சேர்ந்தால், நம் வீட்டிலிருந்து இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவள் தெரிந்துகொள்வாள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கன்று, உன் பயணத்துக்குக் காத்திருக்கும் அம்மா,
காந்திமதி