சாவடியில் நான் காட்டிய குளிசை

இந்த வாரம் கிளினிக்கில் எனக்கும் கொழுப்புக் கூடிவிட்டது என்று ஒரு அட்டை குளிசை தந்தார்கள். வீட்டுக்கு வந்து பெயரைப் பார்த்தேன். முரசுமோட்டையில் உனக்கு நான் கொண்டுவந்து தந்த அதே குளிசை. இன்னும் ஒன்றைக்கூட விழுங்க முடியவில்லை.

உன் உடம்பே உன் தொண்டைச் சுரப்பியைத் தின்கிறது என்றார்கள். முகம் ஊதி, வெயிலிலும் குளிரென்று போர்த்திக்கொண்டு இருப்பாய். காலையில் தைரொயிட் குளிசை ஒன்று போட்டால்தான் எழும்பி வயலுக்கு வருவாய். சண்டையால் வன்னிக்குள் மருந்து வராத காலம் அது. இரத்தத்தில் கொழுப்பும் கூடவாம் என்றதும் நீயே சிரித்தாய், நிவாரணப் பருப்புத் தின்கிற எங்களுக்கா என்று.

வன்னியைவிட்டு வெளியே போகிற பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனேன். டாக்குத்தர் பழைய தைரொயிட் குளிசையும் கொழுப்புக்குப் புதியதுமாக இரண்டு எழுதினார். "கொழுப்புக் குளிசை இந்தச் சுரப்பி வருத்தத்தையே தணிக்குமோ எண்டு வெளிநாட்டிலை யோசிக்கினம். இன்னும் நிச்சயமில்லை. பழையதை மட்டும் விட்டிடாதேங்கோ." எனக்கு முதல் வசனம் மட்டுமே காதில் ஏறியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீ கேலி செய்வது சும்மா அல்ல.

திரும்பும்போது சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் இரண்டு பொதிகளையும் மேசையில் வைத்து, ஒன்றைத்தான் விடலாம், எது வேண்டும் என்று கேட்டான். நான் புதியதைக் காட்டினேன். ஆயுள் முழுக்க ஏன் விழுங்கவேண்டும், வருத்தம் வேரோடு போகட்டும் என்று நினைத்தேன். பாவி நான். மற்றதை அவன் ஒரு பெட்டிக்குள் எறிந்தான்.

"இஞ்சருங்கோ, பழைய குளிசை எங்கை?" என்று கேட்டாய்.

"கடையிலை இல்லையாம். இது அதைவிடத் திறம்."

"இல்லையெண்டால் நீங்கள் என்ன செய்வியள். சாப்பிட வாங்கோ."

கிழமைகள் போகப் போக உனக்குக் கைகால் உளைந்தது, பேச்சு இழுத்தது. புத்தி வந்து மறுபடி பாஸ் வரிசையில் நின்றேன். பாஸ் கிடைத்து வீட்டுக்கு ஓடிவந்த அன்று நீ கண் திறக்கவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமா.

இப்போது மருந்துக்கடையில் இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. தைரொயிட் குளிசை ஒரு அட்டை என் சட்டைப் பைக்குள் எப்போதும் இருக்கும். திகதி முடிந்தால் புதியது வாங்குவேன். "ஆருக்கு ஐயா?" என்று கடைக்காரப் பிள்ளை கேட்டாள். என் மனுசிக்கு என்றேன்.

கடையில் இல்லை என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். இருந்தது. வாங்கி, சாவடிவரை என் கையிலேயே கொண்டு வந்தேன்.