அன்று காலை மழைமானியில் இருந்தது

அன்பு மகனே குண்டா,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் வழக்கம்போல் முனகுகிறது. நீயும் மருமகளும் பேத்தியும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், முடியாமல் படுத்திருந்தாலும் நீ நலம் என்றுதான் எழுதுவாய், அப்பா புத்தி அப்படியே உனக்கு. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் தாள் கையில் ஒட்டுகிறது. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்தான் கோடை வருகிறது என்று இந்த வருஷமும் எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் எழுதி வைத்திருந்தார்கள். அப்படியானால் என் மகன் மட்டும் ஏன் கம்பளிக்குள் கிடக்கிறான், அவன் என்ன வேறு பூமியிலா இருக்கிறான் என்று கேட்டேன். பூமி சாய்ந்தபடியே சுற்றுகிறது, நம் பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும்போது அவன் பாதி விலகிச் சாய்ந்திருக்கிறது என்று பந்தை வைத்துக் காட்டினேன். உன் அப்பா இருந்திருந்தால், ஒரு பக்கமா ஆளை ஏத்தியிருப்பாங்க, கண்டக்டர் தூங்கிட்டானா என்று கேட்டிருப்பார், முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு உலகமே பஸ்தான். பேத்தி வரைந்து அனுப்பிய பிறையை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இடம் வலம் மாறிப் போச்சு டீச்சர் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் இருக்கிற பக்கத்தில் வளர்பிறை அப்படித்தான் தெரியும், அவள் பார்த்து வரைந்திருக்கிறாள், நீங்கள் பார்க்காமலே சிரிக்கிறீர்கள் என்று ஒரு போடு போட்டேன். அவளிடம் இதைச் சொல்லு, சந்தோஷப்படுவாள்.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். சொல்ல வந்தது வேறு. போன கடிதத்தில், அப்பா படத்தைச் சட்டம் போட்டு வாசல் பக்கம் மாட்டியிருப்பதாகவும், அதற்குக் கீழே அவருடைய கடைசி வார்த்தையை உன் கையாலேயே எழுதி வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தாய். “குண்டன் வந்துட்டானா?” தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன் அம்மா, நேரத்துக்கு வந்து சேர முடியாத பாவிதான் நான், ஆனால் கடைசி மூச்சிலும் அப்பா என்னைத்தான் தேடினார், எனக்கு அது போதும் அம்மா என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதோடு செவ்வாய்க்கிழமை சூரியன் பாடம் வந்தது. சூரிய வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடம் இருபது நொடி ஆகும், இந்த நொடி சூரியன் அணைந்து போனாலும் அதுவரை நமக்குத் தெரியாது, நம் பாட்டுக்கு வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்போம் என்று வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே சொல்வேன், பிள்ளைகளும் சிரிப்பார்கள். இந்தத் தடவை முன் பெஞ்சில் இருக்கிற ஒரு பெண் எழுந்து, “அப்போ அந்த எட்டு நிமிஷமும் நாம சும்மா பேசிக்கிட்டு நிப்போமா டீச்சர்?” என்று கேட்டாள். சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றேன், மணி அடிக்கும்வரை உள்ளே போகவில்லை.

குண்டா, உன் அப்பா உயிர் போனபோது நான் பக்கத்தில் இல்லை.

அவரைப் பார்த்துக்கொள்ள அன்று நான் பள்ளிக்கு விடுப்புதான். ஆனால் மழைமானியைப் பார்க்க எட்டரைக்குப் போய்விடுவேன், உனக்குத்தான் தெரியுமே அந்தக் கிறுக்கு, அன்றுவரை முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் விட்டதில்லை. வேறு டீச்சரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை, அவர்கள் அளவுக் குவளையைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள், கணக்குத் தப்பும் என்று ஒரு திமிர் எனக்கு. அப்பா ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அரை டம்ளர் வெந்நீர் குடித்தார், மூச்சு முந்தின நாளைவிடப் பரவாயில்லை. ராத்திரி தூறல் விழுந்தது என்றார். நான் தரையில் அவர் பக்கத்திலேயே படுத்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை, கனவு கண்டிருப்பீர்கள் என்றேன். எதிர்வீட்டுத் தகரத்தில் சத்தம் கேட்டது என்று அடித்துச் சொன்னார். நான் விடவில்லை, நாற்பது வருஷத்தில் எதில்தான் விட்டிருக்கிறேன். “போய் உன் டப்பாவைப் பாரு, நான்தான் ஜெயிப்பேன்” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் நடந்து ஐந்து நிமிடம். மழைமானியில் அடியில் துளித் தண்ணீர் இருந்தது, குவளையில் ஊற்றிக் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன், பூஜ்யம் புள்ளி நான்கு மில்லிமீட்டர். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். வாட்ச்மேன் தன் முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்ப்பது என்று கேட்டார், நானும் என் முழங்கால் கதையை எடுத்துவிட்டு நின்று பேசினேன். சூரியன் அணைந்தால்கூட எட்டு நிமிடம்தான், நான் வீட்டை விட்டுப் போய் இருபது நிமிடம் ஆயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “நீங்கதான் ஜெயிச்சீங்க, தூறியிருக்கு” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பதில் வரவில்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்து இன்னொரு தரமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ போனில் அழுதாய், அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா அம்மா என்று கேட்டாய், இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், உன்னைத்தான் கேட்டார் என்றேன். ஒரு தரம் சொன்னதை ஊரெல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் கொடுத்து வைத்த மனுஷன், பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டே போனார் என்று என் தலையைத் தடவினார்கள், நானும் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதையே உனக்குக் கடிதத்திலும் எழுதினேன். மழைப் பதிவேட்டில் ஒரு நாள் பார்க்காமல் விட்டால் அந்தக் கட்டத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுது, ஊகித்து எண் போடாதே என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன். அவர் போன மறுநாளிலிருந்து பதினாறு நாள் நான் போகவில்லை, திரும்பிப் போன அன்று பதினாறு கட்டத்திலும் ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பொய் இல்லை, பெற்ற பிள்ளைக்கு எழுதினதில்தான் பொய்.

கோபம் வந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, இந்த வீட்டில் இப்போது அதுதான் நிறைய இருக்கிறது. உன்னை அவர் கேட்டாரா, கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ அங்கே போன வருஷம், பூமி பதினைந்து டிகிரி திரும்ப ஒரு மணி நேரம், அவன் ஊர் நமக்குக் கிழக்கே எழுபத்தைந்து டிகிரி, ஐந்து மணி நேரம் முன்னால் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்படியா, அப்போ நம்ம பையன்கிட்ட நாளைக்கு என்ன நடக்கும்னு கேட்டுச் சொல்லு என்றார். அடுத்த நாள் பார்த்தால் தன் கைக்கடிகாரத்தைத் திருகி உன் ஊர் நேரத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மாற்றவே இல்லை, இங்கே மணி என்னவென்று என்னைத்தான் கேட்பார். அன்று நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்தபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பது, அவர் மணிக்கட்டில் ஒன்று ஐம்பது, நீ மதியச் சாப்பாட்டை முடித்திருப்பாய். இது என் இரண்டு கண்ணால் பார்த்தது. இதை நீ நம்பலாம்.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று ஓடாதே, குளிரில் பேத்தியின் காதை மூடி அனுப்பு. நீங்கள் மூவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை கிடையாது. கடிகாரத்தைத் துணியில் சுற்றித் தனியாக அனுப்பியிருக்கிறேன், நேரத்தைத் தொடவில்லை. ஒன்றை மறந்துவிடாதே. படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாயே, அதைச் சுரண்டி அழிக்காதே, தாளைக் கிழிக்காதே. பதிவேட்டில் தப்பான எண்ணைத் திருத்துகிற மாதிரி ஒரே ஒரு கோடு போடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், அது உன் அம்மா ஆசைப்பட்டது. அதற்கு மேலே, ‘பார்க்கவில்லை’ என்று எழுதிவிடு.

பார்த்ததை மட்டும் எழுதி முடிக்கும்,
உன் அம்மா