பூட்டிய வீட்டில் ரிமோட்

மே 5, திங்கள்

கத்திரி வெயில். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை.

ஆபீஸில் ஒரே சந்தோஷம். ஏசிக்காக நான் எழுதிய ‘காலி வீடு’ வசதி சனிக்கிழமைதான் பன்னிரண்டு வீடுகளுக்குச் சோதனைக்குப் போனது. கதவை வெளியே பூட்டியதாகக் கதவு சென்சார் சொன்னால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். ஏசி தானாக நிற்கும். என் சொந்த யோசனை. கரண்ட் மிச்சத்தில் ஓர் உறையூர் வீடு முதலிடம். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அடுத்த திங்கள் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டுமாம்.

வாங்க: மோர், பல்பு, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

மே 6, செவ்வாய்

உறையூர் வீட்டுப் பதிவைப் பார்த்தேன். எட்டரைக்குப் பூட்டு. ஏசி நின்றது. ஆனால் ஒன்பது மணியிலிருந்து யாரோ ரிமோட்டை அழுத்தியிருக்கிறார்கள். அவர்கள் போட, என் புரோகிராம் அணைக்க. பதினோரு தடவை. பூட்டிய வீட்டுக்குள்.

மேனேஜர்: “எலி ஏறி மிதிச்சிருக்கும்மா. அந்தப் பதிவ எடுத்துட்டு ரிப்போர்ட் குடுங்க.”

எலி பதினோரு தடவை மிதிக்குமா?

மே 7, புதன்

இன்று நாலு தடவைதான். அறைக்குள் முப்பத்தாறு டிகிரி.

அங்கே ஏசியும் சென்சாரும் மாட்டிவிட்டு வந்த எங்கள் ஆபீஸ் பாஸ்கரைக் கேட்டேன். “புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பகல்ல ஈ காக்கா இருக்காது.”

வீட்டுக்காரருக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. போன் போட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம். கோழைத்தனம்தான்.

சோறு இறங்கவில்லை. அம்மா: “ஆபீஸ்ல திட்டு வாங்குனியா?”

மே 8, வியாழன்

பதினோரு மணி. ஒரு தடவைகூட அழுத்தவில்லை. முப்பத்தெட்டு டிகிரி.

“பாத்தீங்களா, எலி ஓடிப்போச்சு,” என்றார் மேனேஜர்.

அந்த வீட்டுக்கு மட்டும் வசதியை நிறுத்தி, இங்கிருந்தே ஏசியைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் வாய்க்குள் ரங்கநாதா, ரங்கநாதா.

வெளியே பூட்டு. தட்டினேன். சத்தமே இல்லை. பக்கத்துச் சந்தில் ஜன்னல் பாதி திறந்திருந்தது. ஒட்டிய கட்டிலில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு. கண் மூடியிருந்தது. “ஏங்க! ஏங்க!” கத்தினேன். மெல்லக் கண் திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வண்டியில் விழுந்து மூன்று வாரமாம். எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது. அதனால் கணவர் வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். மதியம் நாத்தனார் வந்து திறப்பாராம்.

ரிமோட் தலையணை பக்கத்திலேயே. “இன்னைக்கு ஏங்க அழுத்தல?”

“நான் விழுந்ததுலேருந்து அவரு சரியா பேசறதில்லைங்க. அவருதான் போன்லேருந்து நிறுத்துறாருன்னு நெனச்சேன். கேக்கவும் பயம். அதான் விட்டுட்டேன்.” பிறகு மேலே ஏசியைக் காட்டி லேசாகச் சிரித்தார். “இப்ப பாருங்க, மனசு எறங்கி அவரே போட்டுட்டாரு.”

“அவர் இல்லைங்க,” என்றேன். “ரெண்டும் நான்தான்.”