லேபிள் ஒட்டாத பாட்டில்

பொன்மலை,
7.4.2025

அன்புள்ள வேதா,

பன்னிரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிப்பாய். போனில் எழுதி எழுதி அழித்துவிட்டுத்தான் தாளை எடுத்தேன்.

நேற்று ஆலயத்தில் திருவிருந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். "உன் பாவத்துக்காகச் சிந்தப்பட்டது" என்று ஆயர் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். திரும்பி நடந்துவிட்டேன். டேனி பின்னாலேயே வந்து, "என்னம்மா, உடம்பு முடியலையா?" என்றான். ஆமாம் என்றேன். அதிலும் ஒரு பொய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நம் பள்ளிக்கூட லேபில் பாட்டில்களை எடுத்து வைக்கும் முறை உன்னுடையது. வழக்கம்போல வாய்வார்த்தையாக முறையை மாற்றிக்கொண்டோம், லேப் நோட்டில் எழுதவில்லை. ஆசிட் பாட்டிலை லேபிள் ஒட்டாமல் வைத்தது நான். மாணவி சுராயாவின் கை வெந்தது உன் வகுப்பில். விசாரணையில் நோட்டில் இருந்த உன் பெயரைப் படித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்துகொண்டேன். உன் வேலை போனது.

இயேசு என் பாவத்தைச் சுமந்தார் என்று ஞாயிறுதோறும் பாடுகிறேன். என் கண்ணெதிரே சுமந்தவள் நீ. மன்னித்துவிடு.

ஜோதி


ஸ்ரீரங்கம்,
12.4.2025

ஜோதிக்கு,

இங்கே க்ஷேமம். டேனி என்ன படிக்கிறான் என்றுகூட நீ எழுதவில்லை. கடிதம் முழுக்க உன் மனசுதான்.

என்னை உன் சிலுவையில் ஏற்றாதே. டேனியின் அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லையே என்றுதான் அன்று விசாரணையில் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொரு ஏகாதசிக்கும் உன்னைத் திட்டினேன். பட்டினி வயிற்றில் நன்றாகவே திட்ட வருகிறது.

உங்கள் சாமி உன் பாவத்தைச் சுமந்தாரா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சுராயா. தில்லைநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். போன மாதம் தெரியாமல் உள்ளே போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு, "வேற ஆளை அனுப்புறேன்" என்று போய்விட்டாள்.

என்னிடம் சொன்னதை அவளிடம் சொல். அதுவரை எழுதாதே.

வேதவதி


பொன்மலை,
20.4.2025, ஈஸ்டர்

வேதா,

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கான தண்டனையை அவர் ஏற்றுவிட்டார் என்றால், உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் என்ன பயம்? இத்தனை வருடம் சிலுவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் ஊற்றும் கோயில் கஞ்சிகூடக் குடிக்காமல் எழுந்து வந்து, முதலில் டேனியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கும் எழுதி அனுப்பினேன்.

நேற்று கடைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுராயா ஒரு பிரேமைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க டீச்சர்?"

"பக்கத்து ரூம்ல."

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

துடைத்த பிரேமையே மறுபடியும் துடைத்தாள். "வேதா மிஸ்தான் என் கையைக் குழாய்ல பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. மாட்டிக்குவோம்னு அழுவுறாங்கன்னு நெனச்சேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் விலாசம் கேட்டாள், கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருகிறாள்.

இன்று திருவிருந்தில் கை நீட்டினேன். ஆயர் அப்பத்தை வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டார்.

டேனி மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஜோதி