அப்பா பேசுகிற டிஸ்க்

மார்ச் 9, ஞாயிறு

அப்பா பேசுகிற வீடியோ எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். தங்கச்சியின் மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்தது. வருகிற கிழமை அப்பாவின் திவசம். அதற்குள் அந்தக் குரலை ஒருதரம் கேட்கவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டு டிவிடி பிளேயர் பழுதாகி வருஷக்கணக்காகிறது.

என் புது கேம் மெஷினில் போட்டேன். கடையில் வாங்கிய படம் என்றால் அதில் கண்ணாடி மாதிரித் தெரியும். ஸ்டூடியோக்காரன் பதிந்து கொடுத்த இந்த டிஸ்க்கை மூன்று தரமும் வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் ஹந்தானைக்குப் போய் மச்சானின் பழைய கேம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தேயிலை பெக்டரி மாதிரி இரைச்சல், மங்கல் படம். ஆனால் ஓடியது. இதுதான் மெஷின் என்று அம்மாவிடம் பெருமை வேறு பேசினேன், மடையன்.

அப்பா வாசலில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசுகிறார். கேட்பது சினிமாப் பாட்டு. ஸ்டூடியோக்காரன் பேச்சையெல்லாம் அழித்துவிட்டு முழுக்கப் பாட்டுப் போட்டிருக்கிறான். இங்கே எல்லா விழா வீடியோவும் அப்படித்தான். எனக்கு ஏன் அது ஞாபகம் வரவில்லை?

"பாட்ட நிப்பாட்டுடா, அப்பா என்னமோ சொல்றாரு" என்றார் அம்மா.

அந்தக் குரல் இதில் இல்லை என்பதைச் சொல்லாமல் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். அம்மா கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்து அப்பாவின் வாயையே பார்த்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்றாரு. மறுபடி போடு."

நாலு தரம் போட்டேன். நாலாம் தரம், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அம்மா டிவியைப் பார்த்துக் கேட்டார்.