திரையில் ஓடிய வேன்

செவ்வாய், இரவு. திருப்பதி.

இன்று மதியம் ஆபீசுக்குள் நுழைந்த ஒருவர், வந்த வேகத்தில் என் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. நான் கீபோர்டை எடுத்து அவர் தலையில் அடித்தேன். ரத்தம் வழிந்தும் அவர் என் சட்டையை விடவில்லை.

"ஆம்புலன்ஸ் சைட்டு பண்ணது நீதானே? கீழ உன் பேரு, அட்ரஸ் எல்லாம் கீது! எங்க நைனா மாரைப் புடிச்சிக்கினு வுழுந்துட்டாரு. போனைத் தொறந்தா வேன் ஓடிக்கினே கீது, நம்பரே வர்ல!"

ஆம்புலன்ஸ் சேவையின் இணையதளத்தில் வேன் ஓடும் அந்த அனிமேஷனைச் செய்தது நான்தான். வேன் திரையைக் கடந்த பிறகுதான் அழைக்க வேண்டிய எண் தெரியும். என் ஆபீசில் அதற்கு இரண்டு நொடி. கார்வேட்டிநகரம் பக்கம், சிக்னல் சரியாக இல்லாத அவர் ஊரில், வேன் திரையைக் கடக்கவே இல்லை. பைக்கில் கொண்டுபோகும் வழியில் அவருடைய அப்பா இறந்துவிட்டாராம்.

என் கை தானாகத் தாழ்ந்தது. "அடிங்கண்ணா" என்றேன். அவர் அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் மோதி மோதி அழுதார்.

அவர் போனதும் அனிமேஷனை மொத்தமாக எடுத்தேன். இப்போது பக்கத்தைத் திறந்தவுடன் எண் தெரிகிறது. அதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.